அந்தரம்: நாடுகடத்தல் அச்சம் பற்றிக் குற்றவியல் சொல்வதும் சொல்லாததும்

1

குற்றவியல் யாரைப் பற்றிய துறை? குற்றம் செய்தவரைப் பற்றியது என்பது பள்ளிக்கூடப் பதில். அரசு யாரைக் குற்றவாளி என்று பெயரிடுகிறதோ அவரைப் பற்றியது என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் திருத்துவார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையின் முன் இன்னொருவர் வந்து நிற்கிறார். அவர் திருடவில்லை, கொலை செய்யவில்லை. ஒரு எல்லையைத் தாண்டினார், அல்லது விசா முடிந்தும் தங்கிவிட்டார். சில சமயம் அதுவும் இல்லை, அவருடைய தாத்தா தாண்டினார். அவருக்குப் பூட்டு உண்டு, காவலர் உண்டு, விரல்ரேகைப் பதிவு உண்டு. வழக்கு கிடையாது, தண்டனைக் காலம் கிடையாது, ஆகவே விடுதலை நாளும் கிடையாது. 2006இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜூலியட் ஸ்டம்ப், குற்றச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோன இந்த நிலையைக் குறிக்க, ஆங்கிலத்தில் அவ்விரண்டு சொற்களையும் ஒட்டி ஒரு புதுச் சொல்லைச் செய்தார். தமிழில் 'குற்றக்குடிவரவு' என்று வைத்துக்கொள்ளலாம். சொல் கரடுமுரடாக இருக்கிறது. அது சுட்டும் பொருளும் அப்படித்தான்.

இந்தப் பின்னணியில் ஆக்ஸ்ஃபோர்டின் குற்றவியலாளர் மேரி பாஸ்வொர்த்தின் வேலை முக்கியமானது. சிறைகளைப் பற்றி எழுதிவந்த அவர், பிரிட்டனின் குடிவரவுத் தடுப்பு நிலையங்களுக்குள் போய், அடைக்கப்பட்டவர்களோடும் காவலர்களோடும் பேசி, 2014இல் ஒரு நூல் எழுதினார். யார்ல்ஸ் வுட், டின்ஸ்லி ஹவுஸ், ப்ரூக் ஹவுஸ் என்று அந்த இடங்களுக்குப் பெயர்கள் தங்கும் விடுதிகளைப் போலத்தான் இருக்கின்றன. 2016இல் ஸ்டீஃபன் ஷா தலைமையில் பிரிட்டிஷ் அரசுக்குத் தரப்பட்ட அறிக்கைக்காக, தடுப்பும் மனநலமும் பற்றிய ஆய்வுகளை அவரே தொகுத்துக் கொடுத்தார். சாரம் எளிமையானது. தடுப்பு மனநிலையைக் கெடுக்கிறது. நாள் கூடக்கூடக் கேடும் கூடுகிறது. வெளியே வந்த பிறகும் அது ஆளை விடுவதில்லை.

"இதைக் கண்டுபிடிக்க ஆக்ஸ்ஃபோர்ட் வேணுமா, மண்டபத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. எவ்வளவு நாள் என்று தெரியாததுதான் அங்கே மனிதர்களைச் சிதைக்கிறது. தடுப்புக் காலத்துக்குப் பிரிட்டனில் சட்டப்படியான மேல்வரம்பு கிடையாது. ஆயுள் கைதி கூட நாட்களைச் சுவரில் கோடு போட்டு எண்ண முடியும். இவர்களால் எண்ண முடியாது, ஏனென்றால் எதிலிருந்து கழிப்பது என்றே தெரியாது. சாவி வைத்திருக்கும் காவலருக்கும் தெரியாது. அதிகாரம் இங்கே கண்காணிப்பாக மட்டும் வேலை செய்யவில்லை, காலத்தைப் பறிப்பதாக வேலை செய்கிறது. ஃபூக்கோவின் சிறையில் நேர அட்டவணை இருந்தது. இங்கே நேரமே இல்லை.

2

சரி. இந்தச் சொல்லாடலின் எல்லை எங்கே?

முதலாவது, சுவர். பாஸ்வொர்த் சுவருக்குள் போனார், உள்ளே இருந்ததை நேர்மையாக எழுதினார். ஆனால் நாடுகடத்தல் அச்சம் சுவருக்குள் பிறப்பதில்லை. தெருவில், வேலைத்தளத்தில், பள்ளிக்கூட வாசலில், வாடகை வீட்டில் பிறக்கிறது. சிகாகோவின் மெக்சிகோத் தொழிலாளர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் நிக்கோலஸ் டி ஜெனோவா 2002இலேயே இதைச் சொல்லிவிட்டார். அரசின் நோக்கம் எல்லோரையும் வெளியேற்றுவதல்ல. சிலரை வெளியேற்றினால் போதும். மீதமுள்ளவர்கள் 'எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடியவர்கள்' என்ற நிலையில் வாய் திறக்காமல், குறைந்த கூலிக்கு, வேலை செய்துகொண்டிருப்பார்கள். நாடுகடத்தல் ஒரு நிகழ்வு. நாடுகடத்தப்படக்கூடியவராக இருப்பது ஒரு வாழ்க்கை.

இரண்டாவது, மருத்துவ மொழி. இதில் தமிழர்களே ஆய்வுப்பொருளாக இருந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டெரிக் சிலோவ், சக்காரி ஸ்டீல் முதலிய உளவியல் ஆய்வாளர்கள், அங்கு போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் 196 பேரிடம் கேட்டு, 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தஞ்சம் கேட்டுக் காத்திருப்போர், அகதியாக ஏற்கப்பட்டோர், முறைப்படி குடியேறியோர் என மூன்று வகையினரும் அதில் இருந்தனர். மனவடு அறிகுறிகளில் காணப்பட்ட வேறுபாட்டின் 20 விழுக்காட்டைப் போர்க்கால அனுபவம் விளக்கியது, 14 விழுக்காட்டை வந்த நாட்டின் நெருக்கடிகள் விளக்கின என்பது கணக்கு. இந்த 14ஐத்தான் நான் அடிக்கோடிடுகிறேன். குண்டு போட்டது கொழும்பு. ஆனால் நோயில் கணிசமான பங்கை எழுதியது தஞ்சம் கேட்ட நாட்டின் அலுவலகம்.

மனவடு என்ற கருத்துக்கு ஒரு காலத்திசை இருக்கிறது. காயம் பின்னால் இருக்கிறது, நினைவு அதை முன்னால் கொண்டுவருகிறது, மருத்துவர் அதைப் பின்னாலேயே அனுப்பிவைக்கிறார். நாடுகடத்தல் அச்சமோ எதிர்காலத்தைப் பற்றியது. அது நடந்து முடிந்த ஒன்றின் நிழல் அல்ல, நடக்கக்கூடிய ஒன்றின் நியாயமான கணிப்பு. 2014இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் 29 வயது ஈழத்தமிழ் இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்தவர் அவர். தமிழ்நாட்டிலிருந்த பெற்றோருக்கு இறுதிச்சடங்குக்குப் போக அந்நாடு விசா தரவில்லை. இதை மனச்சோர்வு என்று கோப்பில் எழுதி மூடலாம். எழுதியவுடன் குடிவரவு அமைச்சகம் சட்டத்திலிருந்து நழுவி வெளியே போய்விடுகிறது, நோய் மட்டும் நோயாளிக்குள் தங்கிவிடுகிறது. நோயின் பெயர் சரியாக இருக்கலாம். நோயை உண்டாக்கிய பிரதி வேறு, அது அரசிதழில் இருக்கிறது.

3

அந்தப் பிரதியை நம் ஊரிலேயே வாசிக்கலாம்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் ஈழ அகதி என்ற சொல்லின் பொருள் ஒரே இரவில் மாறியது. விருந்தாளி சந்தேகத்துக்குரியவர் ஆனார். 1992 ஜனவரியில் திருப்பி அனுப்புதல் தொடங்கியது. 1995 வரை 54,000க்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றப்பட்டனர். 'விருப்பத்தின் பேரில்' என்று படிவம் சொன்னது. கையெழுத்து வாங்கப்பட்ட சூழல் பற்றி எழுந்த எதிர்ப்பால் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் 1992இன் நடுவில்தான் விருப்பத்தைச் சரிபார்க்க உள்ளே வந்தது. அதற்கு முன் போனவர்களின் விருப்பத்தை யார் சரிபார்ப்பது?

போகாதவர்களுக்கு இரண்டு வகை இடங்கள். ஒன்று, பூட்டிய 'சிறப்பு முகாம்'. வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி, பிறகு திருச்சி மத்திய சிறை வளாகம். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ், 'குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும்' என்ற ஆணையால் மனிதர்கள் இங்கே வைக்கப்பட்டார்கள். சட்டத்தின் மொழியில் அது சிறை இல்லை, வசிப்பிடம். யார்ல்ஸ் வுட்டுக்கும் திருச்சிக்கும் இந்த வார்த்தை விளையாட்டில் வித்தியாசமே இல்லை. ராஜீவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்தவர்களில் இலங்கையைச் சேர்ந்த நால்வர் சிறை வாசலிலிருந்து நேராகத் திருச்சி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார், உடல்தான் ஊர் போனது. நெதர்லாந்துக்குப் போக அனுமதி கேட்ட ராபர்ட் பயஸ் அதே ஏப்ரலில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். போக விரும்பியவரைப் பிடித்து வைப்பதும் வேறிடம் கேட்டவரை அங்கேயே அனுப்புவதும் முரண்பாடு அல்ல. நகர்வைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இல்லை என்பதை இரண்டும் ஒரே குரலில் சொல்கின்றன.

இன்னொன்று, திறந்த முகாம். 2021இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர், காவல் நிலையத்தில் பதிந்து வெளியே வாழ்வோர் 34,087 பேர். அந்த ஆண்டு பெயர் மாறியது, 'அகதிகள் முகாம்' போய் 'மறுவாழ்வு முகாம்' வந்தது. உதவித்தொகை கூடியது, வீடுகள் கட்டப்பட்டன. நல்லதுதான், ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அங்கே சுவர் இல்லாததால் குற்றவியலாளரின் கண்ணில் இந்த இடம் படுவதேயில்லை. தணிக்கை நாளன்று குடும்பத்தில் ஒவ்வொரு தலையும் அதிகாரி முன் நிற்க வேண்டும். பட்டம் படித்தவர் பெயின்ட் வாளியோடு வெளியூர் போனால் அந்த நாளுக்குத் திரும்பியாக வேண்டும். கியூ பிரிவுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் இருக்கிறார். 2016 மார்ச்சில் திருமங்கலம் அருகே உச்சப்பட்டி முகாமில், தணிக்கைக்கு வராத மகனுக்காக அதிகாரியிடம் மன்றாடிய தந்தை ஒருவர் அந்த இடத்திலேயே உயிரை விட்டார் என்று நாளேடுகள் எழுதின. பெயர் விட்டுப்போனால் உதவித்தொகை போகும் என்பது வெளியில் தெரியும் காரணம். பெயர் விட்டுப்போனால் இந்த மண்ணில் நிற்பதற்கான ஒரே தாளும் போகும் என்பது உள்ளே இருக்கும் காரணம்.

சட்டமும் இதைத்தான் உறுதிசெய்கிறது. 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகையை நுழைத்தது. 2019இன் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையைச் சொல்லவில்லை. அதே 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், மலையக வம்சாவளியினரான 65 பேர் குடியுரிமை கேட்ட வழக்கில், மத்திய அரசு அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்றே வாதிட்டது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்களுடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னார். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து ஒரு ஆணையின் வழி விலக்கு கிடைத்தது. இது சிறிய விஷயமல்ல. ஆனால் விலக்கு உரிமை ஆகாது. தண்டிக்க மாட்டேன் என்பது வேறு, நீ இங்கத்தவன் என்பது வேறு. ஆணையால் வந்ததை இன்னொரு ஆணையால் எடுத்துவிடலாம்.

4

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தில், தண்டனைக் காலம் முடிந்தும் தடுப்பில் இருந்த ஈழத்தமிழர் ஒருவர் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்டபோது, இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்று நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு நாட்டுக்குப் போகட்டும் என்றும் சொல்லப்பட்டது. தர்மசாலை என்பதை நாம் சத்திரம் என்போம். தஞ்சைச் சீமையில் இருப்பவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் ஒரத்தநாடும் நீடாமங்கலமும் நினைவுக்கு வரும். இராமேசுவரம் போகும் சாலை நெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். 1801இல் சரபோஜி, கும்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கர்களுக்குச் சாதி வேறுபாடின்றிச் சோறு போடுவதையும் நோயில் விழுந்தவரைக் குணமாகும்வரை பார்த்துக்கொள்வதையும் சொல்லி, சத்திரச் சொத்தில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே, 'பாருங்கள், எங்கள் மரபு சத்திர மரபு, வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்று எழுந்துவிடுவார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. எல்லோருக்கும் சோறு என்ற அந்தக் கடிதமே, சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே கொடுப்பதாகவும் சொல்கிறது. யார் கை பட்டதை யார் உண்ணமாட்டார் என்று இந்த மண்ணில் விளக்க வேண்டியதில்லை. சோறு எல்லோருக்கும், பந்தி எல்லோருக்கும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், சத்திரத்தில் கிடைப்பது தர்மம். கொடுப்பவன் கையை இழுத்துக்கொண்டால் கேட்க வழியில்லை. நீதிபதி சத்திரத்தை மறுக்கிறார், நம் பெருமிதம் சத்திரத்தை நீட்டுகிறது. உரிமை என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாததும் இந்தச் சத்திர மனநிலையின் இன்னொரு முகம்தான். தருவேன், ஆனால் கடமை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த டெல்டா, விருந்து வைத்த சீமை மட்டுமல்ல. வெளியேறிய சீமை, வெளியேற்றப்பட்ட சீமை. பண்ணையடிமைத்தனத்திலிருந்து தப்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்குக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் போனார்கள். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் மலாயா அவர்களை ஆயிரக்கணக்கில் திருப்பி ஏற்றியனுப்பியது. மண்டபம் முகாம், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளைச் சோதித்து அனுப்ப வெள்ளைக்காரன் வைத்த இடம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களை எடுத்து 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மீதி பிறகு என்று பங்கு பிரித்தது. வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். பிறக்காத ஊருக்கு எப்படித் திரும்புவது? அதே மண்டபத்தில் அவர்கள் இறங்கினார்கள், பிறகு 1983க்குப் பின் அகதிகளும் அங்கேதான் இறங்கினார்கள். கூலி, நாடற்றவர், தாயகம் திரும்பியோர், அகதி, சட்டவிரோதக் குடியேறி. இடம் ஒன்று, பதிவேடு மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

5

முகாமைப் பற்றிப் பேச வந்தால் நம் சிறுபத்திரிகைகள் அகம்பனின் 'வெற்று வாழ்வு' என்ற கருத்தை எடுத்துப் போட்டு மூடிவிடுகின்றன. முகாம்வாசிகள் வெற்று உயிர்கள் அல்ல. பெயின்ட் அடிக்கிறார்கள், பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைக்கிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், எழுதுகிறார்கள். 1990இல் வந்து முகாமில் வாழ்ந்த தொ. பத்தினாதன் எழுதிய 'போரின் மறுபக்கம்' 2007இல் வெளிவந்தது. அவருடைய நாவலின் பெயர் 'அந்தரம்'. குற்றவியலாளர்கள் தேடிக்கொண்டிருக்கும் கோட்பாட்டுச் சொல் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துத் தமிழில் அந்தரம் என்றால் வெளி, பிடிமானமில்லாத நடுவானம். 'அந்தரத்துல தொங்குது' என்போம். ஈழத்தமிழில் அதுவே மனநிலை. அந்தரப்படுவது என்றால் பதறுவது, நிலைகொள்ளாமல் தவிப்பது. சட்டத்தில் எங்கும் காலூன்ற முடியாத நிலையும், நெஞ்சுக்குள் நிலைகொள்ளாத தவிப்பும் ஒரே சொல். நோயையும் நோயை உண்டாக்கிய நிலையையும் பிரிக்க இந்தச் சொல் அனுமதிக்காது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழரின் துயரம் பெருமூச்சாகவும் உடல் நோவாகவும் வெளிப்படுவதையும், பாதிப்பைத் தனிமனிதரிடம் மட்டும் தேடாமல் குடும்பத்திலும் ஊரிலும் தேட வேண்டும் என்பதையும் நெடுங்காலமாக எழுதிவருகிறார். 'மனவடு' என்ற சொல் நமக்குப் பழகியதில் அவருக்குப் பங்குண்டு. வடு ஆறிய காயத்தின் தழும்பு. அந்தரமோ ஆற விடப்படாத காயம். இரண்டு சொற்களும் நமக்கு வேண்டும். ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோகலாம், மற்றதை அரசிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

6

இதையெல்லாம் ஈழத்தமிழர் துயரமாக மட்டும் பேசி முடித்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே வேண்டாம். குறுவை நடவு காலத்தில் மயிலாடுதுறையைச் சுற்றி வயல்களைப் பார்த்தால் தெரியும். சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுகுழுவாக வந்து காண்ட்ராக்டில் நடவு செய்கிறார்கள். "எங்க கை நடவு போச்சு, வங்காளத்தான் கொண்டுபோயிட்டான்" என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வதில் பொய்யில்லை. அது வயிற்றின் கணக்கு. ஆனால் அந்த வங்காளத்து ஆளின் சட்டைப்பைக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த ஆதார் அட்டையைக் கவனியுங்கள். 2025இல் பல மாநிலங்களில் வங்காளம் பேசிய தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்று பிடிக்கப்பட்டார்கள். டெல்லியில் பிடிபட்ட ஒரு கர்ப்பிணிப் பெண் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் அந்த வெளியேற்றத்தை ரத்து செய்தது. அவர் நாடு திரும்ப டிசம்பர் ஆனது. அசாமில் 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேரின் பெயர் இல்லை.

இந்த நாட்டின் குடிமகனே, பேசும் மொழியால், வேண்டுதல் செய்யும் திசையால், வெளியேற்றப்படக்கூடியவன் ஆகிறான். பயப்படுகிறவன் கூலி பேரம் பேசமாட்டான். அவன் பேரம் பேசாததால்தான் நம் பெண்களின் நடவுக் கூலியும் அடிபடுகிறது. டி ஜெனோவா சிகாகோவில் கண்டது நம் வரப்பில் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் இந்த வங்காளிக்கும் எதிரி ஒன்றே என்பதை விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 'வெளிமாநிலத்தானை விரட்டு' என்பவர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் பேசும் மொழி, நம்மவர்களை 1930இல் மலாயாவிலிருந்தும் 1964இல் இலங்கையிலிருந்தும் விரட்டியவர்கள் பேசிய அதே மொழி.

ஈழ அகதிக்காகக் கண்ணீர் விடும் தமிழ்த்தேசியம், அவர் தமிழர் என்பதால் விடுகிறது. அதனால்தான் அதனிடம் வங்காளிக்குச் சொல் இல்லை, ரோஹிங்கியாவுக்குச் சொல் இல்லை. குற்றவியலாளரோ அடைபட்டவர் யாராக இருந்தாலும் அவருடைய துயரத்தை அளக்கிறார், ஆனால் அளவுகோலை அரசின் கையிலேயே திருப்பித் தருகிறார். ஷாவின் அறிக்கைக்குப் பிறகும் பிரிட்டனில் தடுப்பு நிலையங்கள் நடக்கின்றன. முகாமை இன்னும் கொஞ்சம் மனிதத்தன்மையோடு நடத்துவது எப்படி என்று எந்த அரசும் ஆய்வறிக்கையிலிருந்து கற்றுக்கொள்ளும். நாம் கேட்க வேண்டியது வேறு. திருச்சியில் சிறப்பு முகாம் என்ற ஏற்பாடே இருக்கக் கூடாது. தணிக்கை நிற்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டும், விலக்கு ஆணை போதாது. போக விரும்புகிறவர் போகட்டும், இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும், அதை அவர் தீர்மானிக்கட்டும். இதை முகாமில் நிற்பவருக்குக் கேட்கும்போது, நம் வயலில் குனிந்து நடுகிறவருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.